கேட் லைட்

பிள்ளைப்பாக்கம்
7.7.2025

திரு. பகலவன் அவர்களுக்கு,

உங்கள் எண்ணை மூன்று வருடம் முன்பே பிளாக் செய்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எனக்கு செகண்ட் ஷிஃப்ட், நீங்கள் பகலில் வருவீர்கள். பதில் இருந்தால், மீட்டர் இன்னும் வராத இதே மீட்டர் பெட்டியில் வையுங்கள்.

அம்மா சொன்னதால்தான் புது வீட்டு வயரிங்கை உங்களிடம் கொடுத்தேன். அக்காவைக் கட்டியவர் என்பதற்காக அல்ல.

ஸ்மார்ட் ஹோம் என்று கடையில் விற்கும் செட் நமக்குக் கட்டுப்படியாகாது. சாதாரண சுவிட்சுக்குப் பின்னால் வைக்கிற சின்ன வைஃபை மாட்யூல் போதும். ஹால் லைட், ஃபேன், அம்மா ரூம் லைட், கேட் லைட். முழங்கால் வலியோடு அம்மா இனி எழுந்து எழுந்து போகக் கூடாது. டிராயிங் வைத்திருக்கிறேன். அதில் உள்ளதை மட்டும் செய்யுங்கள்.

ஜெபர்சன்

13.7.2025

அன்பு மச்சானுக்கு,

எனக்கு யாரும் 'திரு' போட்டு எழுதியதில்லை. உன் அக்கா ஜெர்சியிடம் காட்டினேன், ஒரே சிரிப்பு. வேலை கொடுத்ததற்கு நன்றி. வலியோடும் அத்தை தினம் டீ கொண்டு வருகிறார். "இன்னாப்பா, என் பொண்ணு சோறு போட்றாளா இல்லியா, இளைச்சிகினே போற?" என்கிறார்.

கேட் லைட்டை இனி போனிலேயே அணைக்கலாமாமே? கல்யாணம் முடித்து நாங்கள் பழைய வீட்டு வாசலில் வந்து நின்ற சாயங்காலம், நீ எழுந்து வந்து கையால் அணைத்தாய். இனி அந்தச் சிரமம் இல்லை.

டிராயிங்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எழுதினால் புரியாது, சுவிட்ச் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ஞாயிறு வா.

பகலவன்

12.8.2025

திரு. பகலவன் அவர்களுக்கு,

எல்லா ஞாயிறும் ஓ.டி. நேற்று ஷிஃப்டுக்குப் போகும் முன் வீட்டைப் பார்த்தேன். சுவிட்ச் பெட்டி எல்லாம் தேவைக்கு மேல் ஆழம். ஒவ்வொன்றிலும் எதிலும் சேராத ஒரு கறுப்பு வயர், நுனியில் டேப். நியூட்ரல் வயர் லைட்டுக்குத்தானே, சுவிட்சுக்கு யார் கேட்டது? ஒரகடம் கம்பெனியில் ஒரு லைன் முழுக்க ரோபோ வயரிங் பார்க்கிறவன் நான். டிராயிங் படிக்கத் தெரியாவிட்டால் சொல்லியிருக்கலாம். அந்த வயரை உருவிக்கொண்டு போங்கள்.

ஜெபர்சன்

17.8.2025

மச்சானுக்கு,

உருவ மாட்டேன். அந்த வயர் என் செலவு. மாட்யூல் வந்ததும் அதோடு வரும் தாளைப் படி.

கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம். சாவி அத்தையிடம் இருக்கிறது. இனி இங்கே எனக்கு வேலை இல்லை.

பகலவன்

14.9.2025

மாமா,

மீட்டர் பெட்டியில் மீட்டர் வந்துவிட்டது, லெட்டருக்கு இடமில்லை. அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பிளாக்கை எடுத்துவிட்டேன், ஆனால் போன் செய்ய வாய் வரவில்லை.

மாட்யூல் நேற்று வந்தது. தாளில் முதல் வரியே 'நியூட்ரல் கட்டாயம்'. சுவிட்சை அணைத்தாலும் மாட்யூல் விழித்திருக்க வேண்டும், அதற்கு அந்தக் கறுப்பு வயர் வேண்டும். கம்பெனியில் எல்லாம் பேனலுக்குள் தயாராக வந்து நிற்கும். வீட்டு சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வருவதில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. டேப்பை உரித்துப் பொருத்தினேன். நான்கும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வழக்கமான அளவுப் பெட்டியாக இருந்தால் மாட்யூல் உள்ளே போயிருக்காது. பெயிண்ட் அடித்த சுவரை உடைத்திருப்பேன்.

போன வருடம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டர் வீட்டில் நீங்கள் அப்படி இரண்டு சுவர் உடைத்தீர்களாமே. அக்கா அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இங்கேயும் அப்படி ஆகக் கூடாது என்று காட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் வரவில்லை. டிராயிங் படிக்கத் தெரியாதவர் என்று எழுதினேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.

அம்மா படுத்தபடியே லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறார். "இத்த செஞ்சவன் எங்கடா? ஏன் வூட்டுக்கு வர்ல?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம். அக்காவோடு வாருங்கள். கேட் லைட்டை உங்கள் போனிலும் சேர்த்திருக்கிறேன், லிங்க் வந்திருக்கும். தெருமுனையிலேயே போட்டுவிட்டு வாருங்கள். எனக்கு மறுபடி கிறுக்குப் பிடித்து அணைத்தாலும், நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நன்றி மாமா.

உங்கள் மச்சான்
ஜெபர்சன்