டம்ளர் சூடாக இல்லை

தல்லாகுளம், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அழகுபாண்டிக்கு,

அப்பாவும் நானும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், புனேயில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் எங்களுக்கு அது போதும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்பாய், போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். மாடித் தொட்டியின் ஒழுகலை அப்பா தானே சரிசெய்துவிட்டார், தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. போன மாதம் எனக்குச் செய்த செக்கப்பில் எல்லாம் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார், அதில் பொய் இல்லை. பொய் வேறு இடத்தில் இருக்கிறது.

கீமோ முடிந்து லேபுக்குத் திரும்பியதிலிருந்து பழையபடி ரத்தம் எடுக்கிறேன் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுத்தேன்தான். ஆனால் அந்த மருந்தில் என் விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. நரம்பைக் கண்ணால் தேடுகிறவர்கள் உண்டு, நான் பதினெட்டு வருஷமாக விரலால் தேடியவள். ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் சமாளித்தேன். நீ அனுப்பிய புத்தகங்களில் நோயை வென்றவர்கள் வருகிறார்கள், வென்ற பிறகு திங்கட்கிழமை வேலைக்குப் போனவர்களைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். போன வாரம் விருமாண்டி ஐயா சர்க்கரை பார்க்க வந்தார், சமயநல்லூரிலிருந்து என்னைத் தேடியே வருகிறவர். இரண்டு இடத்தில் குத்தியும் ரத்தம் வரவில்லை. "என்ன தாயி, ரெண்டு போர் போட்டும் தண்ணி வரலயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் கை வீங்கிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஹம்சவேணியை எடுக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன்.

வேலை போகவில்லை, வருகிறவர்கள் பெயரைப் பதிகிற மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். யாராவது சுபாக்கா ஊசி போடலையா என்று கேட்டால் முதல் இரண்டு நாள் குனிந்துகொண்டேன். வியாழக்கிழமை மலையம்மாள் என்று ஒரு பெண், தலையில் முக்காடு, அடுத்த கீமோவுக்கு முன்னால் ரத்தம் பார்க்க வந்தாள். மார்பில் எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று கேட்டு, அந்தப் பக்கக் கையில் குத்தினால் வீங்கிவிடும், ஊசி வேண்டாம் என்று சீட்டில் எழுதினேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். என் சுபாவம் உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாதவள். "எனக்கும் வந்துச்சும்மா" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள், முடி எப்போது முளைக்கும் என்பதிலிருந்து.

இதற்காக லீவு போட்டு ஓடிவராதே, வேலையை விடுகிற பேச்சும் வேண்டாம். ஊசியை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு, அது எனக்குள் இருக்கட்டும். அன்றைக்கு வீடியோவில் காபி டம்ளரை ஏன் இரண்டு கையால் பிடிக்கிறீர்கள் என்று கேட்டாய், சூடு என்றேன். சூடு இல்லையப்பா, நழுவிவிடும் என்ற பயம்.

நோய்நொடி அண்டாமல் நீ நிறைந்து வாழ வேண்டும். பொங்கலுக்கு டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. வந்ததும் விரல் விரலாகத் தொட்டுத் தெரியுதா என்று கேட்காதே. கையை முழுசாகப் பிடித்துக்கொள், உள்ளங்கையில் எல்லாம் தெரிகிறது.

உன் அம்மா,
சுபலட்சுமி