கார்க் நகரத்துக்கு நான் முன்பே போயிருந்தேன்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பர் துபாய். காலை எட்டு மணிக்கே புழுக்கம். எங்கள் டிராவல்ஸ் அலுவலகக் கண்ணாடிக் கதவு வியர்த்து நிற்கிறது. ஏ.சி. மெக்கானிக் இன்றும் மாஃபி, ஆளே வரவில்லை.

அயர்லாந்து விசாக்கள் வந்துவிட்டன. எட்டுப் பேர் கொண்ட குழு, எல்லோரும் வளைகுடாத் தமிழர்கள். துணைக்கு இருக்கட்டும் என்று என் பெயரையும் சேர்த்திருந்தார்கள். கூட்டிப்போக வேண்டிய ஆளுக்குத் தம்பி கல்யாணமாம், வரமாட்டாராம். முதலாளி சுலைமான் காக்கா என் மேசைக்கு வந்தார். நீதான் கார்க் போனவளாச்சே, நீயே நடத்திக் கூட்டிப்போ என்றார்.

நான் கார்க் போனதில்லை.

மூன்று வருடம் முன்பு வேலை கேட்டு வந்தபோது, அயர்லாந்து தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். வரைபடத்தில் தெரியும் என்ற அர்த்தத்தில்தான். நான் போயிருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. அன்றிலிருந்து வாடிக்கையாளரிடமெல்லாம், எங்க சபீனா நேர்ல பார்த்தவ என்று ஒரே பெருமை. அங்கே குளிருமா என்று ஒருவர் கேட்டபோது, கேட்காதீங்க என்று தோளைக் குறுக்கிக் காட்டியும் இருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மாலை: மீன் குழம்பு. உப்பு கூடிவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படித்தவை:

1. லீ ஆறு ஊருக்கு முன்னால் இரண்டாகப் பிரிகிறது. நடுவில் தீவு. ஊரின் நடுப்பகுதி அந்தத் தீவில்தான்.

2. இன்றைய தெருக்கள் பல அன்று கால்வாய்கள். வீட்டு வாசல் வரை படகு வருமாம். பெரிய தெரு வளைந்து போவது, கீழே ஆறு வளைந்து போவதால்.

3. ஷாண்டன் தேவாலயக் கோபுரம். நாலு பக்கமும் கடிகாரம், நாலும் ஒத்துப்போகாது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் "நான்கு முகப் பொய்யர்". (இதைப் படித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன்.)

4. சாக்ஸ் வாங்க.

மகள் ஹிபாவிடம் விஷயத்தைச் சொன்னேன். உம்மா, தட்ஸ் லிட்ரலி லையிங் என்றாள். கணக்குப் பாடம் முடிக்காதவள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குழுவோடு அறிமுகக் கூட்டம். சமோசா போதவில்லை.

முதலில் வந்தவர் மணி அண்ணன். தூத்துக்குடிக்காரர், சவூதியில் ஜுபைல் ரசாயன ஆலையில் டெக்னீஷியனாக இருந்து இப்போதுதான் ஓய்வு. அவர் கேட்ட முதல் கேள்வி, அசெம்பிளி பாயின்ட் எங்க? ஆபத்து வந்தால் எல்லோரும் கூடும் இடமாம். ஊர் சுற்றப் போகிறோம் அண்ணே என்றேன். அதுக்குத்தாம்மா கேக்கேன் என்றார்.

அடுத்து பவானி அன்ரி. யாழ்ப்பாணத்தில் பள்ளி அதிபராக இருந்தவர், இப்போது ஷார்ஜாவில் மகன் வீட்டில். மகனும் கூட வந்திருந்தார். அம்மாவின் முழங்காலுக்கு இந்தப் பயணம் ஆகாது, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் கெஞ்சினார். நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரி சொன்னார்:

"எனக்கு முழங்காலிலதான் வருத்தம். மூளையில இல்லை."

மகன் பயணப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய். கார்க்

மழை. பிறகு வெயில். பிறகு இரண்டும் சேர்ந்து. கைகள் விறைக்கின்றன, ஆகஸ்டாம் இது.

பத்து மணிக்கு நடை தொடங்கியது. முதல் அரைமணி பிரமாதம். படகு கட்டிய வாசல்களைக் காட்டினேன். தெருவின் வளைவைக் காட்டி, நம் காலடியில் ஆறு என்றேன். எல்லோரும் கீழே குனிந்து பார்த்தார்கள். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மார்க்கெட்டில் கருப்பாக ஒரு சாசேஜ். என்ன என்றார்கள். இரத்தத்தில் செய்தது என்றேன். எட்டுப் பேரும் ஒரே அடியில் மீன் கடைப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே மணி அண்ணன் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நேத்து மீனு என்று கடைக்காரரிடமே தமிழில் சொன்னார். அவர் சிரித்துத் தலையாட்டினார். நல்லவேளை.

அதன்பின் வழி தவறியது.

பாலம் தாண்டினோம். இது லீ ஆறு என்றேன். இன்னும் நடந்தோம். மறுபடி ஆறு. இதுவும் லீ ஆறு என்றேன். இப்பத்தானே தாண்டுனோம் என்றார் மணி அண்ணன். இரண்டு கிளை என்று விளக்கி, இடப்பக்கம் திருப்பினேன். மூன்றாவது முறையும் ஆறு. என் ஃபோனில் நீலப் புள்ளி தண்ணீருக்குள் நின்றது. மணி அண்ணன் தலை எண்ணத் தொடங்கினார்.

நாயோடு வந்த ஒரு பெரியவரிடம் வழி கேட்டேன். பாட்டுப் பாடுவதுபோல் வேகமாகச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியமும் "பாய்" என்று முடிந்தது. அது மட்டும்தான் புரிந்தது, பையா என்பதற்கு ஆங்கிலம். மணி அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"இவரும் பாய் பாய்ங்காரே. சவூதியில இருந்தவரா இருப்பாரோ?"

பிறகு அவரே முன்னால் போய், அச்சா பாய், கிதர் பாய் என்று கையைக் காட்டிக் கேட்டார். இருவருக்கும் நன்றாகவே புரிந்தது. ஐந்து நிமிடத்தில் ஷாண்டன் வந்து சேர்ந்தோம். இந்தியில்.

கோபுரத்தில் நூற்று முப்பத்திரண்டு படி. மணி அண்ணன் பவானி அன்ரியை ஏற விடவில்லை. படி குறுகல், கைப்பிடி சரியில்லை, ஜுபைலாக இருந்தால் பெர்மிட்டே கிடைக்காது என்றார். அன்ரி குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறத் தொடங்கினார். வேறு வழியின்றி அவரும் குடையோடு பின்னால், படிகளை உரக்க எண்ணிக்கொண்டே.

வழியில் அன்ரி மூச்சு வாங்க உட்கார்ந்தார். மற்றவர்கள் முன்னே போகட்டும் என்று சொல்லிவிட்டு, என்னை மட்டும் இருத்திக்கொண்டார்.

"பிள்ளை, நீர் இஞ்ச முன்னம் வரேல்லைத்தானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எப்படித் தெரியும் என்றேன்.

"தெரிஞ்ச இடத்தைப் பற்றி ஒருத்தரும் இவ்வளவு வடிவா விளக்கம் சொல்லமாட்டினம்."

எனக்கு அழுகை வந்தது. வேலை போய்விடும் அன்ரி என்றேன். அதிபராக இருந்த காலத்தில் பாதிப் பாடங்களை முதல்நாள்தான் படித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். கையைக் கொடுத்தேன், எழுந்தார்.

மணிகளைக் கயிறு இழுத்து நாமே அடிக்கலாம். எந்தக் கயிறு எப்போது என்று அட்டையில் எண் இருக்கிறது. அன்ரி அட்டையைப் பார்க்கவே இல்லை. ஒரே கயிற்றைப் பிடித்து டணடணவென்று இழுத்தார். கீழே தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். என்ன பாட்டு என்று கேட்டோம். பள்ளி விடுகிற மணியாம். முப்பது வருடம் யாரோ அடிக்கக் கேட்டது, இன்றுதான் தன் கையால் அடித்தாராம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இறங்கியதும், மனசு மாறும்முன் காக்காவுக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். 

"உன் பாஸ்போர்ட்ட விசாவுக்குக் கொடுத்தது நான்தானேம்மா. ஓமனு, உம்ரா, ஊரு. அதத் தவிர ஒரு முத்திரையும் இல்லெ."

அப்புறம் ஏன் காக்கா அனுப்பினீங்க என்றேன். வேறு ஆள் இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, தான் சுவிட்சர்லாந்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறாயா என்றார். கேட்டிருக்கிறேன், அந்தப் பனிமலை ரயிலை அவர் வர்ணிக்கும்போது அலுவலகமே குளிரில் நடுங்கும்.

"அங்கெ நான் போனதே இல்லெ."

சாக்ஸ் நனைந்துவிட்டது. ஹீட்டர் மேல் காய்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

கோவ் துறைமுகத்துக்கு ரயில். இருபுறமும் தண்ணீர், நடுவில் நாங்கள். எட்டுப் பேரும் இருக்கிறார்கள், மணி அண்ணன் மூன்று முறை எண்ணிவிட்டார். இந்த ஊருக்கு நானும் புதுசு என்று காலையிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அப்படியா என்று கேட்டுவிட்டு இட்லிப்பொடி இருக்கிறதா என்றார்கள்.

காக்காவிடமிருந்து மெசேஜ். அடுத்த மாதம் சுவிட்சர்லாந்துக்குப் பன்னிரண்டு பேர். கூட்டிப்போவது நீயா, நானா?

யார் போயிருக்கிறார்களோ அவர்கள் என்று பதில் போட்டேன்.

இரண்டு நீல டிக். படித்துவிட்டார்.