ரோட்டில் கிடந்த வேப்பங்கொப்பு

ஆண்டாள் துணை

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

ஆனந்தவல்லி எழுதுவது. அந்த மலைக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கஞ்சியைக்கூட உறிஞ்சித்தான் குடிக்கிறேன். வாயைத் திறக்க முடியாதவள் என்பதால் ஆளாளுக்கு என் தலைக்கு மேலேயே பேசுகிறார்கள், எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொள்கிறார்கள். கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது. தபால் உங்கள் ராணுவ முகாமுக்கு வந்து சேர்வதற்குள் வியாழக்கிழமை போய்விடும். அதனால் எழுதியதைப் படம் பிடித்து அனுப்புகிறேன். பக்கத்தில் ஆள் இல்லாதபோது படியுங்கள்.

நம் பிள்ளை ரஞ்சனிக்குக் கையில் மாவுக்கட்டு. கார் ஓட்டிய உங்கள் தம்பி ஜெயபாண்டிக்கு விலா எலும்பில் விரிசல், முழங்காலில் தையல். முன்சீட்டில் இருந்த அத்தைக்கு நெற்றி வீக்கத்தோடு போயிற்று. வருகிறவர்களிடம் எல்லாம் அத்தை சொல்வது ஒன்றுதான்: ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு வந்த புண்ணியம், கார் அப்பளமாக நொறுங்கியும் வாங்கி வந்த பால்கோவா டப்பா நசுங்கவில்லை. அந்த டப்பாவைப் பார்க்கவே தெருவிலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள். பிள்ளைக்கும் எனக்கும் நான் பெல்ட் மாட்டியதை ஒருவர்கூட வாய்தவறியும் சொல்லவில்லை. அன்றைக்கு மாட்டும்போது அத்தை, "ஏட்டி, இந்தா இருக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று சிரித்தார். மோதப் போகிறோம் என்று தெரிந்ததும் பிள்ளையை மறைக்கக் குனிந்தேன். தாடை முன்சீட்டில் அடித்தது. பெல்ட் இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ரோட்டில் விழுந்திருப்போம்.

அது போகட்டும். நேற்று நீங்கள் அத்தையிடம் ஸ்பீக்கரில் பேசியது என் காதிலும் விழுந்தது. "அந்த லோடு வண்டிக்காரன விட்றாதீங்கம்மா. நடு ரோட்டுல வண்டிய நிப்பாட்டிட்டு ஒரு அடையாளமும் வைக்கல. பாண்டிதுரை சித்தப்பாகிட்டச் சொல்லியிருக்கேன், அவரு பாத்துக்கிடுவாரு" என்றீர்கள். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் அல்லவா, சித்தப்பா உடனே வந்துவிட்டார். வியாழக்கிழமை என்னிடம் வாக்குமூலம் வாங்க வருவார்களாம். பேச முடியாததால் எழுதிக் கொடுத்தால் போதுமாம். என்ன எழுத வேண்டும் என்று எனக்குப் பாடமும் நடத்திவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் இருக்கிற கம்பி அறுந்துபோகாததுதான் ஆச்சரியம்.

அத்தான், அந்த வண்டிக்காரர் அடையாளம் வைத்திருந்தார். செட்டியார்பட்டிக்காரர், பெயர் சமுத்திரம். தேங்காய் லோடோடு வரும்போது டயர் வெடித்துவிட்டது. வண்டி பாதி மண்ணிலும் பாதி தார் ரோட்டிலும் நின்றது உண்மைதான். ஆனால் நல்ல வெயில், நேர் ரோடு. வண்டிக்கு வெகு தூரம் பின்னாலேயே வேப்பங்கொப்பை ஒடித்து ரோட்டில் போட்டிருந்தார். ரோட்டில் கொப்பு கிடந்தால் முன்னால் வண்டி நிற்கிறது என்று நம் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கும் தெரியும். பின்சீட்டில் இருந்த நானே பார்த்தேன். "கொப்பு கிடக்கு, கொப்பு கிடக்கு" என்று கத்தினேன். நான் வாய் திறந்து கடைசியாகப் பேசியது அதுதான்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. நொறுங்கிய பம்பரில் அந்தக் கொப்பின் இலைகள் சிக்கியிருந்தன. அத்தை அதை எடுத்து வரச் சொல்லி, மஞ்சள் தடவி, பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார். "மாரியாத்தாளே வேப்பிலையா வந்து தடுத்துருக்கா" என்று தினமும் சூடம் காட்டுகிறார். சமுத்திரம் வைத்த அடையாளத்துக்கு இங்கே சூடம் காட்டிக்கொண்டே, அவர் அடையாளம் வைக்கவில்லை என்று போலீஸில் புகாரும் கொடுத்திருக்கிறார்கள். சொல்லி அழவும் என்னால் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

கார்க் கதவை நெம்பித் திறந்து எங்களை வெளியே எடுத்தது அதே சமுத்திரம்தான். தன் துண்டைக் கிழித்து என் தாடையைக் கட்டினார். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் ரஞ்சனியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. இன்று அவருடைய வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது, வேலை நின்றுவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவர் மனைவி கருத்தம்மா வந்து என் கட்டிலோரம் நின்றார். சண்டை போடவில்லை. "நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்கம்மா, பொறவு எங்க தலையெழுத்து" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உங்கள் தம்பி ஏன் கொப்பைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். உங்கள் போன் வந்தால் எங்கே இருந்தாலும் உடனே எடுக்க வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். அந்த மலையில் எப்போதோதான் சிக்னல் கிடைக்கிறது, விட்டால் பொறவு எப்போது கிடைக்குமோ என்று அத்தை போட்ட சட்டம். அதற்காக நானும் அடுப்பில் சோற்றைத் தீய விட்டிருக்கிறேன், பாதிக் குளியலில் ஓடி வந்திருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டும் எடுக்கலாம் என்று யார் சொன்னது? அதுவும் வீடியோ கால். ஜன்னலில் மரங்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "எங்கலே போறிய எல்லாரும்?" என்று நீங்களே கேட்டீர்கள். அத்தை உங்களைப் பார்க்கும் ஆசையில் போன் பக்கம் சாய்ந்துவிட்டார். உங்கள் தம்பி ஒரு கையால் போனைப் பின்பக்கம் திருப்பினார். அப்போது நீங்கள், "ஏலே, பிள்ள மூஞ்சி தெரியல, இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிலே" என்றீர்கள். தூக்கிப் பிடித்தார். தலையும் கூடவே திரும்பியது.

போன லீவில் வந்தபோது என்ன சொன்னீர்கள்? ராணுவ லாரி ஓட்டும்போது போனைத் தொட்டாலே தண்டனை, செத்த நேரம் கண் அசந்தாலும் பள்ளம்தான் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அரிசி மூட்டை ஏற்றிய லாரிக்கு இருக்கிற மதிப்பு நீங்கள் பெற்ற பிள்ளைக்கு இல்லையா?

வியாழக்கிழமை நான் பார்த்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன். கொப்பு கிடந்ததையும் எழுதுவேன், யாருடைய போன் வந்தது என்பதையும் எழுதுவேன். இந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் பரவாயில்லை. கடைசி வரைக்கும் அந்தப் போனில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். அதன் பிறகு உங்களுக்கு என்ன சத்தம் கேட்டதோ, இதுவரை யாரிடமும் நீங்கள் சொல்லவில்லை. அன்றைக்கு நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், தூங்கியும் இருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை? அதற்காக அந்தப் பாரத்தைச் சமுத்திரம் தலையில் இறக்கி வைக்கலாமா? புதன்கிழமைக்குள் அத்தை காதிலும் விழும்படி சித்தப்பாவிடம் நடந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். நான் எழுதி அவர் தெரிந்துகொள்ள வேண்டாம்.

நீங்கள் லீவுக்கு வரும்போது வாடகைக்குக் கார் எடுத்து மதுரைக்கே தானே ஓட்டி வந்து உங்களை அழைத்து வருவதாக உங்கள் தம்பி இப்போதே திட்டம் போடுகிறார். இன்னும் முழங்காலை மடக்கவே முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் வாருங்கள். வந்ததும் செட்டியார்பட்டிக்குச் சமுத்திரத்தைப் பார்க்க ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

போன் மணி அடித்தாலே ரஞ்சனி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். கூப்பிடுவது அப்பா என்று சொன்னால் இன்னும் உள்ளே நகர்ந்துகொள்கிறாள். ஆகவே இனிமேல் யாரைக் கூப்பிட்டாலும், வண்டியில் இருக்கிறீர்களா என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால் வைத்துவிடுங்கள். அடுத்து எப்போது சிக்னல் கிடைக்குமோ என்று பார்க்காதீர்கள், எத்தனை நாள் ஆனாலும் நாங்கள் வீட்டில்தான் இருப்போம். ஆண்டாள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பிள்ளை முகத்தைப் பார்க்காமலே வைத்துவிடுங்கள், அத்தான். நீங்கள் வந்து பார்ப்பதற்கு அந்த முகம் இருக்கட்டும்.

உங்கள் வரவுக்கு வழி பார்த்திருக்கும்,
ஆனந்தவல்லி