இன்ஜின் அறையில் ஒரு நிமிடம்

உன் ஹார்ட் டிஸ்க்கைச் சுற்றியிருந்த பாலித்தீன் பையை இன்று காலையில்தான் பிரித்தேன். தேங்காயெண்ணெய் வாசம் குப்பென்று வந்தது. குற்றாலத்து மெயின் அருவிக்குப் போன அன்று உன் போனை இதே பையில்தான் சுற்றிக்கொண்டாய். எண்ணெய் தேய்த்த கையோடு முடிச்சுப் போட்டாய். பையைக் கழுவ வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே இல்லை. நீ போய் ஒரு வருஷம் முடிந்து, அடுத்த சாரலும் தொடங்கிவிட்டது. வாசம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் ஊர் நிக்காஹ்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆண் கேமராக்காரர் வர முடியாது. தென்காசியில் அந்த வேலைக்கு உன்னைத்தான் தேடி வருவார்கள். படம் பிடிப்பதும் நீ, வெட்டி ஒட்டுவதும் நீ. "என் முகம் வேண்டாம்" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் போதும், அவள் மணப்பெண்ணை ஒட்டி நின்றிருந்தாலும் நின்ற தடமே தெரியாமல் எடுத்துவிடுவாய். பெண் காரில் ஏறியதும் மற்றவர்கள் வீடியோவை முடித்துவிடுவார்கள். நீ திரும்ப வீட்டுக்குள் போவாய். சுருட்டாத பாய், மூடாத சுருமா மை டப்பா, தாம்பாளத்தில் மிஞ்சிய பூ. ஆளில்லாத அறையை முழுதாக ஒரு நிமிடம் காட்டுவாய்.

"போன பிள்ளய எல்லாரும் பாப்பாங்க. பிள்ள போன வீட்ட யாருட்டி பாப்பா?" என்பாய்.

கல்யாண வீடியோ உனக்குப் பிழைப்பு. பைத்தியம் என்றால் அது நம் இருவருக்கும் அந்த விண்வெளிப் படங்கள்தான். ஆறு பாகம். முதல் மூன்றும் தங்கம், பின் மூன்றும் சவ்வு மிட்டாய் இழுவை. உன் தம்பி துபாயிலிருந்து டிஸ்க்குகளைக் கொண்டுவந்த அன்று, "ஆறையும் வெட்டி ஒரே படமா ஆக்குவோமா? வெளிய யாருக்கும் இல்ல, நமக்கு மட்டும்" என்று கேட்டாய். நான் செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கதையை நான் பார்ப்பது, கத்தரியை நீ பிடிப்பது என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எல்லாம் உன் மாடி அறையில் போயின.

கப்பலின் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணை, அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி 'இன்ஜின் மைனி' என்போம். ஐந்தாம் பாகத்தில் கப்பலைக் காப்பாற்றிவிட்டு மைனி சாகிறாள். அந்தச் சாவை எடுத்துவிட வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய்.

"மொகம் வேண்டாம்னு யாரு கேட்டாலும் எடுத்திருவேம்லா? இப்ப மைனி கேக்குதா."

"மைனியா கேக்குதா? நீல்லா கேக்குத. அவ சாகலன்னா கப்பல் எப்பிடிட்டி தப்பிக்கும்?"

அதற்காக இரண்டு ஞாயிறு பேசாமல் இருந்தோம். மூன்றாவது ஞாயிறு நீயே போன் பண்ணினாய், வேறு ஒரு சிக்கலோடு. காட்சியை வெட்டினால் இசையும் சேர்ந்து வெட்டுப்பட்டது. அந்த இடங்களை எல்லாம் கப்பலின் இன்ஜின் உறுமலால் மூடலாம், அதற்கு அருவிச் சத்தம்தான் சரி என்றாய். அப்படித்தான் குற்றாலம் போனோம். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் நீ பையோடு போனைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குக் கிட்டே நின்றாய். நான் நனையாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு கைகாட்டினேன்.

சத்தத்தைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தோம். கேப்டன் நட்சத்திரங்களை வெறித்துப் பார்க்கிறார். இன்ஜின் உறுமுகிறது. அதற்குள்ளிருந்து உன் குரல்: "ஏட்டி, போதுமா? நனையுதேன்." வயிறு வலிக்கச் சிரித்தோம். இருந்தாலும் டீச்சர் புத்தி விடுமா? அந்தக் குரலை எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். எடுத்தாய், தடம் தெரியாமல்.

அதற்கப்புறம் உனக்கு வந்த நோயைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இனி மருந்து வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. கத்தரி பிடிக்கத் தெரியாத நான் ஒரு வாரம் உட்கார்ந்து மைனியின் சாவை வெட்டினேன். லேப்டாப்பை உன் கட்டிலுக்குக் கொண்டுவந்தேன். மைனி கடைசிவரைக்கும் உயிரோடு இருந்தாள். கப்பல் எப்படியோ தப்பித்தது. நீ முழுதும் பார்த்தாய்.

"என்னய ஏமாத்துதியாட்டி?" என்றாய். கோபம் இல்லை. "அவ செத்தத மறைச்சா, செஞ்சதையும்லா மறைக்க? திருப்பிப் போடு. கூடி நின்னு அழுவாங்கல்லா, அத வேணா எடுத்திரு. அதுக்குப் பதிலா அவ இருந்த எடத்த ஒரு நிமிஷம் காட்டு."

மடியில் லேப்டாப்பை வைத்து, சாவைத் திருப்பிச் சேர்த்து, அழுகை வரும் இடத்தில் ஒரு நிமிடத்துக்கு வெறும் கருப்புத் திரையை நீயே வைத்தாய். "இத நீ போடு. அவசரமில்ல" என்றாய். அவசரமில்லைதான். ஆனாலும் அந்தக் கருப்புத் திரையைப் பார்க்கவே எனக்கு இவ்வளவு நாள் துணிவு வரவில்லை.

இன்று போட்டுவிட்டேன். முதல் பாகத்தில் தேடினால் ஆளில்லாத இன்ஜின் அறை அங்கங்கே கிடைத்தது. ஆணியில் தொங்கும் அவள் கையுறை, குழாய்மேல் வைத்த கோப்பை, அணைந்து அணைந்து எரியும் சின்ன விளக்கு. சத்தத்துக்கு அருவிப் பதிவைத் தேடினேன். அசலை நீ ஒருநாளும் அழித்ததில்லை. அதில் உன் குரல் அப்படியே இருந்தது. இந்தத் தடவை அதை வெட்டவில்லை.

சாயங்காலம் உன் உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கப்பல், நட்சத்திரம் எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் குரல் வந்ததும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

"எம்பிள்ள எங்கன நின்னு நனையுதா?"

"குத்தாலத்துலம்மா."

"தலயத் தொவட்டுனாளா?"

தொவட்டினாள் என்றேன். நான்தான் துவட்டிவிட்டேன், நினைவிருக்கிறதா?

அன்று அருவியில் போதுமா என்று நீ கேட்டதற்கு நான் வாய் திறந்து பதில் சொல்லவில்லை. பதிவு கெட்டுவிடும் என்று, விரலை மட்டும் காட்டினேன். இன்னும் கொஞ்சம் என்று. அதையும் கேட்டுக்கொண்டு, நடுங்கிக்கொண்டே, இன்னும் கொஞ்ச நேரம் எனக்காக நின்றாய்.