ஈரத் துண்டு

அன்புள்ள அக்கா,

நீ விடுதிக்குப் போய்விட்டதால், இந்த வருடம் பள்ளியின் உடல்நலப் படிவத்தை நானே நிரப்பினேன். 'குறை' என்ற கட்டத்தில் நீ வருடாவருடம் 'இடது கால் குட்டை' என்று முத்து முத்தாக எழுதுவாய். நான் நீச்சல் குளத்தின் கரையில் உட்கார்ந்து எல்லோருடைய துண்டுகளுக்கும் காவல் இருப்பேன். கோபமெல்லாம் இல்லை. படிவம் கேட்டதைத்தானே நீ எழுதினாய்? எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்ததும் நீதானே!

நான் 'குறை'யை அடித்துவிட்டுத் 'தேவை' என்று எழுதினேன். அதன் கீழே, 'நடப்பதற்கு உயரமான செருப்பு. நீந்துவதற்கு ஒன்றும் வேண்டாம்.'

விளையாட்டு டீச்சர் இரண்டு தடவை படித்தார். "என்னடி, படிவத்தையே திருத்திட்டே?"

"கேள்வி தப்பா இருந்துச்சு டீச்சர்."

"வாய் மட்டும் நல்லா நீளம்! சரி, செருப்பைக் கழட்டிட்டு எறங்கு, பாப்போம்."

அக்கா, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நிற்காமல் நீந்தினேன்! நடுவில் ஒருமுறைகூட என் கால் நினைவுக்கு வரவில்லை. ஏறி வந்தபோது, சளி பிடித்த வகுப்புத் தலைவி என் துண்டுக்குக் காவல் இருந்தாள்.

அடுத்த வருடமும் படிவத்தை நானே நிரப்புகிறேன்.

தலை துவட்டக்கூட நேரமில்லாமல்,
உன் தங்கை