வெளிச்சம் பிடிக்கிறவர்

மாதா துணை

பாலையூற்று,
திருகோணமலை.
5 பெப்ரவரி 2023

என் அன்பான அஞ்சலோவுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டதும் முதலில் அழுதேன், பிறகுதான் வாசித்தேன். எங்கள் கோயில் பாதர் தானே வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். அந்த மறியல் சிறைக்குப் போய்வர அவருக்கு அனுமதி கிடைத்தது மாதாவின் கிருபை. இயந்திரம் நின்று, படகு நீரோட்டத்தில் இழுபட்டு, அந்நியக் கடலுக்குள் நீங்கள் பிடிபட்டதும், எட்டு வருடம் என்று தீர்ப்பானதும் படகு முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களிடமிருந்து ஒரு சொல் வர இவ்வளவு காலம்.

நான் அனுப்பிய படங்களை உங்களுக்குத் தரவில்லையாம். கொட்பேத் துறைமுகம், கோயில் பெருநாள், எங்கள் ஒழுங்கை எல்லாம் போயிற்று. கடல், படகு, தெரு எதுவும் இருக்கக்கூடாது, வீட்டுக்குள் எடுத்த படம் மட்டும் தருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடைசி வரியில், ஒரே ஒருக்கால் கடலைப் பார்த்தால் போதும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

ஆகவே கடலைக் குசினியில் செய்தேன். சமையல் மேசையில் துவாய்களைச் சுருட்டி அடுக்கி, மேலே என் நீலச் சாறியை விரித்தேன். நுரை எதால் செய்தேன் என்று சொல்லமாட்டேன், நீங்களே கண்டுபிடியுங்கள். டோர்ச்சை நேரே அடித்தபோது சாறி சாறியாகவே கிடந்தது. பஸ் நிலையத்தடியில் படம் அச்சடிக்கும் ஞானசேகரம் அண்ணர் முன்பு கலியாணப் படம் பிடித்தவர். அவர்தான் சொன்னார்: "தங்கச்சி, வெளிச்சத்தைப் பக்கத்தால விடுங்கோ. டோர்ச்சுக்கு முன்னால எண்ணெய்த்தாள் ஒண்டைக் கட்டுங்கோ." அப்படிச் செய்ததும் மடிப்பெல்லாம் அலையாக எழும்பிவிட்டது. படகு வைக்கவில்லை. வைத்தால் இதையும் எடுத்துவிடுவார்கள்.

வெறுமனே சுகம் என்று எழுதினால் நான் நம்புவேனா? என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே படுக்கிறீர்கள், எல்லாம் எழுதுங்கள்.

உங்கள்
நிலு


23 ஏப்ரல் 2023

அன்பு நிலு,

படம் கைக்கு வந்தது. காவலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் சட்டையைப் பிடித்துக் காட்டி, துணிதானே என்பதுபோலச் சிரித்துவிட்டுத் தந்தான். சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் படகில் இயந்திரம் பார்த்த தம்பிராசா அண்ணை கனநேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு, "இது வாடைக்காத்துக் கடலடா, படகு இறக்கேலாது" என்றார். இங்கே வந்தபிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

நுரை கோதுமை மா என்கிறேன் நான். அவர் உப்பு என்கிறார். யார் சரி என்று எழுது.

கேட்டாய், சொல்கிறேன். தரையில்தான் படுக்கை. நான் படகில் படுத்துப் பழகியவன், பரவாயில்லை. சோறு வருகிறது. யன்னல்தான் இல்லை. கூரையோடு ஒரு கம்பி இடைவெளி உண்டு, அதால் வெயில் ஒரு துண்டு வந்து போகும். மழை பெய்தால் சத்தம் மட்டும் கேட்கும். அடுத்ததாக மழை செய், பார்ப்போம். வீட்டுக்குள் மழை பெய்ய வைத்தால் நீ கெட்டிக்காரிதான்.

உன்
அஞ்சலோ


பாலையூற்று,
20 ஆகஸ்ட் 2023

என் அன்பான அஞ்சலோவுக்கு,

தம்பிராசா அண்ணைக்குத்தான் வெற்றி. உப்பேதான்.

மழையும் பெய்யவைத்துவிட்டேன். அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி, தேங்காயெண்ணெய் தடவித் தண்ணீர் தெளித்தால் துளிகள் வழியாமல் நிற்கின்றன. பின்னால் வாழையிலை, அதற்கும் பின்னால் டோர்ச். இன்னொரு படத்தில் வானம் இருக்கிறது. பால்மாத் தகரப் பேணியில் ஆணியால் குத்தி, உள்ளே லைட்டை வைத்தேன், சுவரெல்லாம் நட்சத்திரமாக வெள்ளி பூத்தது. வெளிச்சம் படாத பக்கம் கறுத்துப்போகிறது என்று சொல்ல, ஞானசேகரம் அண்ணர் ஒரு மீன்பெட்டியின் வெள்ளை மூடியைக் கொண்டுவந்து மறுபக்கம் பிடித்தார். இருட்டு மெல்லத் தெளிந்தது. மனைவி செத்தபிறகு தனியே இருக்கிற மனிதர். அதிகம் கதைக்கமாட்டார்.

உங்கள் விஷயமாகக் கொழும்புக்குப் போனேன். எனக்குச் சிங்களம் ஓடாதென்று அண்ணர் கூட வந்தார். வெளிநாட்டமைச்சுக் கந்தோரில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பார்ப்போம் என்றாராம். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அண்ணர் என் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டார்.

மேன்முறையீடு இருக்கிறதுதானே. நம்பியிருப்போம்.

உங்கள்
நிலு


14 ஜனவரி 2024

நிலு,

மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். நாங்கள் ஒருவரும் நீதிமன்றத்தைக் காணவில்லை. ஒரு கடதாசியை வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார்கள். என்ன எழுதியிருந்தது என்று பாதர் வந்தபிறகுதான் விளங்கியது.

தம்பிராசா அண்ணை இல்லை. மார்கழி முழுக்க இருமினார். ஆஸ்பத்திரிக்கு என்று தூக்கிக்கொண்டு போனார்கள், பாய் மட்டும் இங்கே கிடக்கிறது. எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டோம், பதில் இல்லை. சல்லிக் கிராமத்தில் அவருடைய வீட்டுக்கு நீ போய்ச் சொல்லு. இந்த வேலையை உன்னிடம் தருகிறேன், குறை நினைக்காதே.

மழையும் வானமும் நன்றாக இருந்தன. ஆனால் ஒரு படத்திலும் நீ இல்லையே. சமையல் மேசைதான் வருகிறது. இனிக் கடல் வேண்டாம், உன்னை எடுத்து அனுப்பு. முகத்தின் ஒரு பக்கம் எனக்கு மறந்துபோகிறது.

அஞ்சலோ


பாலையூற்று,
7 ஏப்ரல் 2024

அன்பான அஞ்சலோவுக்கு,

சல்லிக்குப் போனேன். அவருடைய மனைவி என்னை இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் அழுதார். அதற்குமேல் எழுத ஏலாது.

கேட்ட படத்தை வைத்திருக்கிறேன். குசினி யன்னலடியில் காலை வெயிலில், போனைச் சாய்த்து வைத்துத் தானாக எடுக்கவிட்டது. மெலிந்துவிட்டேன் என்று ஏசாதீர்கள், டெங்குக் காய்ச்சல் வந்து இப்போதுதான் மாறியிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
நிலு


21 ஜூலை 2024

நிலு,

படம் வந்த நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை எனக்கு. உன் கையருகே தேத்தண்ணிக் கேத்தல் பளபளக்கிறது. அதன் வயிற்றில் குசினி முழுவதும் வளைந்து தெரிகிறது. யன்னலுக்கு எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், மீன்பெட்டி மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

வெளிச்சம் பிடிக்க ஆள் வேண்டும்தான். அதில் ஒன்றுமில்லை. ஆனால் முதல் கடிதங்களில் அண்ணர் இப்படிச் சொன்னார், அண்ணர் கூட வந்தார் என்று எழுதினாய். இந்தக் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. டெங்கு வந்தபோது யார் பார்த்தது என்றும் எழுதவில்லை. படத்திலும் நீ என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கிறாய். நான் கடல் தொழிலால் திரும்பிக் கரை ஏறும்போது நீ நின்று பார்ப்பாயே, அந்தப் பார்வை. எனக்குத் தெரியாதா?

கோபத்தில் எழுதவில்லை. கோபப்பட்டு இங்கே நான் எங்கே போவேன். உள்ளதை எழுது.

அஞ்சலோ


பாலையூற்று,
29 செப்டெம்பர் 2024

அஞ்சலோ,

உள்ளதை எழுதுகிறேன்.

டெங்கில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்தான். வார்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார், உள்ளே வரமாட்டார். மேன்முறையீடு தள்ளுபடியான செய்தி வந்த அன்று நான் அவருடைய கடைக்குப் போய், கதிரையில் எழும்பாமல் இருந்துவிட்டேன். அன்றுதான் அவர் வாய் திறந்தார். "உங்கட மனிசன் வந்தால் நான் ஒதுங்கிடுவன். வராட்டி நான் இருக்கிறன்" என்றார். என்ர மனிசனைக் கேட்காமல் நான் ஒண்டும் சொல்லேலாது என்றேன். அதற்குப் பிறகும் வருகிறார், வெளிச்சம் பிடிக்கிறார், போகிறார். எங்களுக்குள் வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவர் வராத நாளில் நான் வாசலில் நின்று ஒழுங்கையைப் பார்க்கிறேன். இதை உங்களுக்கு ஒளித்து என்ன பயன்?

உங்களை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் மனதில் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள், அதால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. எனக்கு வயது முப்பத்தாறு. நீங்கள் வரும்போது என்ன இருக்கும், யார் இருப்போம் என்று தெரியாது.

காத்திரு என்று ஒரு சொல் எழுதுங்கள், காத்திருக்கிறேன். அவரிடமும் அப்படியே சொல்லிவிடுவேன். போ என்றால் அதையும் எழுதுங்கள். நீங்கள் எழுதுகிறபடி நடப்பேன்.

நிலு


பாலையூற்று,
15 ஜூன் 2025

அஞ்சலோவுக்கு,

பாதருக்கு அனுமதி கிடைக்கும் என்று நத்தார்ப் பெருநாள் வரை பார்த்தேன். தை மாதம்தான் அவர் போய்வந்தார். என் கடிதத்தை நீங்கள் அவருக்கு முன்னாலேயே வாசித்து, மடித்து, சட்டைக்குள் வைத்தீர்களாம். "பதில் இல்லை, பாதர்" என்றீர்களாம். இன்னொரு கடிதம் எழுதினேன். அதையும் வாசித்துவிட்டு அதே சொல்லைத்தான் சொன்னீர்களாம்.

ஞானசேகரம் பெரிய வெள்ளி வரை பொறுத்தார். பிறகு வந்து, "அவர் பேசாமல் இருக்கிறதுதான் பதில், எனக்கு விளங்குது, நான் ஒதுங்கிறன்" என்றார். எனக்கு விளங்கவில்லை. போ என்கிறீர்களா, போகாதே என்கிறீர்களா? நான் அவரை மறிக்கவில்லை. அவர் கடையைப் பூட்டிவிட்டு மட்டக்களப்பில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போதும் என்னில் குறை சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது படம் எடுப்பதில்லை. கோயிலில் யாராவது உங்கள் சுகம் கேட்டால், சுகம் என்கிறேன். உங்களிடம் படித்த சொல்தான்.

காத்திரு என்று எழுதவேண்டாம். போ என்றும் எழுதவேண்டாம். அதெல்லாம் கேட்ட காலம் முடிந்துவிட்டது. பாதர் அடுத்த மாதம் அங்கே வருகிறார், இதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். வாசிக்காவிட்டாலும் கையில் வாங்குங்கள். வாங்கினார் என்று அவர் வந்து சொன்னால், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்றாவது எனக்குத் தெரியும்.

நிலுஷா