சாப்பிட்டீங்களா என்று கேட்ட குரல்

கோபக்கார மகனுக்கு,

சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிரிக்காதே. நான் துணி தேய்க்கிற நேரத்தில் கட்சித் தலைவர் பேசிப் பதிந்த குரல் தினமும் போனில் வருமில்லையா, அதற்கு நான் பதில் சொல்கிறேன்டா.

"அம்மா, சாப்பிட்டீங்களா?" என்பார். "ஆச்சுப்பா" என்பேன். என்னை வேறு யார் கேட்கிறார்கள்? அதற்குத்தான் ஓட்டுப் போட்டேன். அந்த ஓட்டுக்காகத் துரை நீ ஆறு மாதமாக என்னோடு பேசுவதில்லை.

நேற்று, "முட்டி வலிக்குதுப்பா" என்றேன். இன்று அது, "முட்டி தேவலையாம்மா?" என்று கேட்டது. தலைவர் குரலில் இல்லை, உன் குரலில்.

பேசியது நீயென்றால் இன்னொரு தடவை கூப்பிடு. நீ இல்லையென்றால் சீக்கிரம் கூப்பிடு.

கேட்டபடியே நின்றுவிட்டதில் தேய்க்க வந்திருந்த வாத்தியார் சட்டையின் முதுகில் இஸ்திரிப்பெட்டி அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டை உள்ளே போகும்படி மடித்துக் கொடுத்துவிட்டேன்.

உன் அம்மா